40 நாள் பூட்டிய ஃபிளாட்: தண்ணீர்க் கசிவுக்கு எந்த சென்சார், எந்த வால்வு?

வேளச்சேரி_கடைசிமாடி:

வணக்கம். ஸ்டில்ட் பிளஸ் 3 கட்டடத்தில் கடைசி மாடி வீடு. 2 பெட்ரூம், 2 பாத்ரூம், கிச்சன், அதை ஒட்டி வாஷிங் மெஷினுக்கு ஒரு சர்வீஸ் ஏரியா. நவம்பர் கடைசியில் பூட்டினால் ஜனவரி முதல் வாரம்தான் திறப்போம், ஏறக்குறைய 40 நாள். பெட்ரூம் தரை மரப்பலகை. கீழ் வீட்டில் புது ஃபால்ஸ் சீலிங். கசிந்தால் இரண்டு வீட்டுக்கும் சேதம்.

தண்ணீர் முழுக்க மொட்டைமாடித் தொட்டியிலிருந்து இறங்குகிறது, பிரஷர் பம்ப் கிடையாது. போர் தண்ணீரும் மெட்ரோ வாட்டரும் சம்ப்பில் கலந்து ஏறுவதால் உப்பு அதிகம், டிடிஎஸ் (கரைந்த உப்பின் அளவு) மீட்டர் 1,100 காட்டுகிறது. பாத்ரூமுக்கு ஒன்றாக 15 லிட்டர் கீசர் 2, சிங்குக்குக் கீழே ஆர்ஓ, ஸ்ப்ளிட் ஏசி 2. ரௌட்டர் இன்வெர்டரில் ஓடுகிறது.

வீட்டுக்கு ஒரு மெயின் வால்வு, அதில் ஒரு சொலினாய்டு (மின்காந்தத்தால் திறந்து மூடும் வால்வு), தரையில் நாலைந்து சென்சார், ஈரம் பட்டால் தானாக மூடிவிட வேண்டும், போனுக்குச் செய்தி வர வேண்டும். இதுதான் என் திட்டம். இதில் என்ன தப்பு, எதை எங்கே வைப்பது? ஃபுளோ மீட்டரும் (பைப்பில் ஓடும் தண்ணீரை அளக்கும் கருவி) சேர்க்கலாமா?

---

குழாய்க்_கணக்கு:

சார், "ஒரு மெயின் வால்வு" என்பதிலேயே திட்டம் தடுக்குது. நம்ம ஊர் ஃபிளாட்டுகளில் பெரும்பாலும் வீட்டுக்கு ஒரே பைப் வராது. மொட்டைமாடித் தொட்டியிலிருந்து ஓடிஎஸ் (கட்டடத்துக்குள் மேலே திறந்து விட்ட இடம்) வழியா பல பைப் இறங்கும். ஒரு பாத்ரூம் வரிசைக்கு ஒண்ணு, இன்னொரு பாத்ரூம் வரிசைக்கு ஒண்ணு, கிச்சன் வரிசைக்கு ஒண்ணு. சில கட்டடங்களில் குடிதண்ணிக்குத் தனியா ஒண்ணு. ஒவ்வொண்ணிலிருந்தும் உங்க வீட்டுக்கு ஒரு கிளை பிரியும். ஆக உங்களுக்கு 3 கிளையாவது இருக்கும், 4 இருந்தாலும் ஆச்சரியமில்லை. ஒண்ணுல மட்டும் வால்வு போட்டுட்டு மொத்த வீடும் பத்திரம்னு ஊருக்குப் போயிடாதீங்க.

கண்டுபிடிக்கிற வழி: பாத்ரூம் லாஃப்டிலோ, கதவுக்கு மேலேயோ, ஓடிஎஸ் ஜன்னல் பக்கத்திலோ உங்க கிளை வால்வுகள் இருக்கும். ஒண்ணை மூடுங்க. வீட்டிலுள்ள எல்லாக் குழாயையும் ஒவ்வொண்ணா திறந்து பாருங்க. எதெல்லாம் நின்னுச்சோ அதைப் பேப்பரில் எழுதுங்க, ஃபிளஷ் டேங்க்கையும் ஹெல்த் ஃபாசெட்டையும் மறக்காம. அந்த வால்வுல பெயின்ட்டால எண் போடுங்க, அப்புறம் அடுத்தது. எதை மூடினாலும் நிக்காத குழாய் ஒண்ணு மிச்சமிருந்தா, கண்ணுக்குத் தெரியாத கிளை ஒண்ணு இருக்குன்னு அர்த்தம். மொட்டைமாடியில் இருக்கிற பொது வால்வை மட்டும் தொடாதீங்க, அது கீழ் வீடுகளுக்கும் சேர்த்து.

இப்போ இருக்கிறது பழைய கேட் வால்வா இருந்தா, 1,100 டிடிஎஸ்ல உள்ளே உப்புக் காறை பிடிச்சு முழுசா மூடாது. கைப்பிடி சுத்தும், தண்ணி மட்டும் நூலா போய்க்கிட்டே இருக்கும். மூடிட்டு அந்தக் கிளையின் தாழ்ந்த குழாயை 10 நிமிஷம் திறந்து வைங்க. முதல்ல பைப்பில் நின்ன தண்ணி வடியும். அதுக்கப்புறமும் சொட்டினா வால்வு போச்சு. கழட்டிட்டு, கால்வட்டம் திருப்பினாலே மூடுற பால் வால்வு போடுங்க, பித்தளை அல்லது நல்ல சிபிவிசி, இரண்டு பக்கமும் யூனியன் (கழட்டி மாட்டுற இணைப்பு) வைச்சு. யூனியன் இல்லாம ஒட்டினா அடுத்த முறை பைப்பை அறுக்கணும்.

சொலினாய்டு வேண்டாம். காரணம் அழுத்தம். தொட்டியின் அடிமட்டம் மாடித் தளத்துக்கு மேல 1.5 மீட்டர், உங்க குழாய் கூரைக்குக் கீழே 2 மீட்டர்னு வைச்சுக்கோங்க, 3.5 மீட்டர் உயரம்தான் கிடைக்குது. 10 மீட்டருக்கு 1 பார் கணக்குல அது 0.35 பார். கடையில் சாதாரணமா கிடைக்கிற சொலினாய்டுகள் பைலட் வகை. தண்ணியோட அழுத்தத்தை வைச்சுத்தான் டயஃப்ரத்தைத் தூக்கும், பலதுக்கும் 0.3லிருந்து 0.5 பார் குறைந்தபட்சம் வேணும். கடைசி மாடியில் அது சரியா திறக்காது, சரியா மூடவும் மூடாது. பைலட் ஓட்டை ஊசிமுனை அளவு, உப்புத் தண்ணிக்கு சீக்கிரம் அடைக்கும். மின்சாரம் இல்லாதபோது மூடியே இருக்கிற வகைன்னா, தண்ணி வேணுங்கிற நேரமெல்லாம் காயில் சூடாகிக்கிட்டே இருக்கும். மோட்டார் வைச்ச பால் வால்வுதான் இங்கே சரி. முழுத் துவாரம் திறக்கும், அழுத்தம் தேவையில்லை, திரும்பும்போது மட்டும் கரன்ட் எடுக்கும்.

ஆனா 40 நாள் பூட்டுறதுக்கு எல்லாக் கிளையையும் கையால மூடிட்டுப் போறதுதான் முதல் பாதுகாப்பு. கீசர் எம்சிபியை (கரன்ட் போர்டில் இருக்கிற பாதுகாப்பு சுவிட்ச்) அணைச்சுட்டு அப்புறம் மூடுங்க.

---

வேளச்சேரி_கடைசிமாடி:

மிக்க நன்றி சார். எல்லாவற்றையும் கையால் மூடிவிட்டால் சென்சாருக்கு வேலையே இல்லையே?

---

மயிலை_ஜிக்பீ:

வேலை இருக்கிறது. வால்வை மூடினாலும் வீட்டுக்குள் தண்ணீர் வர மூன்று வழிகள் மிச்சம். முதலாவது, கழிவுநீர் பைப் அடைத்துக்கொண்டால், மற்ற வீடுகளின் தண்ணீர் உங்கள் ஃபுளோர் டிராப் (தரை வடிகால் வாய்) வழியாக மேலே வரும். கீழ் மாடிகளில் இது அதிகம், கடைசி மாடியில் குறைவு. இரண்டாவது மழை. நீங்கள் பூட்டிப் போவது வடகிழக்குப் பருவமழைக் காலத்தில். மொட்டைமாடியின் மழைநீர் வாயில் இலையும் பிளாஸ்டிக் பையும் அடைத்தால் தளத்தில் குளம் கட்டி, படிக்கட்டு வழியாகவோ லாஃப்ட் ஓரமாகவோ இறங்கும். மூன்றாவது, வெளிப்பக்கம் சரிவு இல்லாமல் பொருத்திய ஏசி டிரெயின் பைப், அதன் வழியாக மழைநீர் உள்ளே வரும். வீட்டில் இருக்கும் காலத்திலும் தரையை நனைப்பதில் ஏசிக்குத்தான் பெரிய பங்கு. பாசி பிடித்து டிரெயின் அடைபடும். தவிர, 40 நாள் முடிந்த பிறகும் நீங்கள் அந்த வீட்டில்தானே இருக்கப் போகிறீர்கள்.

வகை: புள்ளி சென்சார் என்பது அடியில் இரண்டு உலோகக் காலுள்ள சிறு வட்டு. இரண்டு காலையும் தண்ணீர் இணைத்தால் மின்னோட்டம் பாயும், அலாரம். கயிறு சென்சார் என்பது 1 அல்லது 2 மீட்டர் கேபிள், அதன் நீளத்தில் எங்கே நனைந்தாலும் சொல்லும். வாஷிங் மெஷின் பின்பக்கத்துக்கும் கிச்சன் கேபினெட் உள் ஓரத்துக்கும் கயிறு, மற்ற இடங்களுக்கு வட்டு.

வைக்கும் இடத்தில்தான் பலர் தவறு செய்கிறார்கள். பாத்ரூம் உள்ளே வைக்காதீர்கள். தினமும் நனையும் தரை அது, பத்தாவது பொய் அலாரத்தில் நீங்களே பேட்டரியைக் கழற்றிவிடுவீர்கள். பாத்ரூம் நிலைப்படிக்கு வெளியே, கதவு மடங்கும் மூலையில் வையுங்கள். தண்ணீர் படி தாண்டினால் முதலில் தொடுவது அந்த இடம். சரியான இடத்தைக் கண்டுபிடிக்க ஒரு டம்ளர் தண்ணீரை மெதுவாக ஊற்றி எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பாருங்கள். தரை வாட்டம் கண்ணுக்குத் தெரியாது, தண்ணீருக்குத் தெரியும். ஆர்ஓவுக்குக் கீழே ஒரு பிளாஸ்டிக் டிரே வைத்து அதற்குள் வட்டை வையுங்கள். பலகை உப்பிப்போகும் முன்பே தெரிந்துவிடும். ஃபால்ஸ் சீலிங்குக்கு மேலே கீசர் இருந்தால் அங்கேயும் டிரே. ஒவ்வோர் ஏசிக்கும் நேர் கீழே மரத் தரையில் ஒன்று. மெயின் கதவின் உள்பக்கம் ஒன்று, படிக்கட்டு வழியாக வரும் மழைநீருக்கு. உங்கள் வீட்டுக்கு என் கணக்கு 6 வட்டு, 2 கயிறு.

வைஃபை சென்சாரா ஜிக்பீயா (குறைந்த மின்சாரத்தில் ஓடும் வயர்லெஸ் முறை) என்றால் ஜிக்பீ. வைஃபை சென்சார் ஒவ்வொரு முறை விழித்து ரௌட்டரைப் பிடிக்கவும் பேட்டரி கரையும். சிஆர்2032 போட்ட ஜிக்பீ வட்டு ஒரு வருடத்துக்கு மேல் தாங்கும். பேட்டரியில் ஓடும் ஜிக்பீ கருவி மற்றவற்றின் செய்தியைக் கடத்தாது. மின்சாரத்தில் ஓடும் ஸ்மார்ட் பிளக் போன்றவைதான் கடத்தும். கான்கிரீட் தூண் குறுக்கே வந்தால் சிக்னல் அடிபடும், எனவே கிச்சனில் ஒன்று, பின் பெட்ரூமில் ஒன்று ஸ்மார்ட் பிளக் போட்டு, இன்வெர்டர் லைனில் இருக்கும் பாயிண்டிலேயே செருகுங்கள். கரன்ட் போனால் பிளக் சாகும், அதை நம்பியிருக்கும் சென்சாரும் ஊமையாகும். பக்கத்து வீட்டு வைஃபைகள் 1, 6, 11 சேனல்களை நிரப்பியிருக்கும், ஜிக்பீயை 25ஆம் சேனலில் வையுங்கள். ஜிக்பீ செய்தியை வாங்கும் கருவி கணினியில் செருகும் டாங்கிளாக இருந்தால் 1 மீட்டர் யுஎஸ்பி நீட்டிப்புக் கேபிள் போடுங்கள். யுஎஸ்பி 3 போர்ட்டின் இரைச்சல் ஜிக்பீ ஓடும் 2.4 கிகாஹெர்ட்ஸை நேரடியாகக் கெடுக்கும்.

சோதனை: ஒரு ஸ்பூன் தண்ணீர் போதும். ஆனால் எந்தத் தண்ணீர் அங்கே கசியுமோ அதே தண்ணீரில் சோதியுங்கள். உங்கள் போர் தண்ணீரில் எந்த சென்சாரும் கத்தும். ஏசியிலிருந்து சொட்டுவது ஆவி குளிர்ந்த தண்ணீர், உப்பே இல்லாதது. மலிவான சில சென்சார்கள் அதில் தயங்கும். நனைந்த பிறகு துடைத்துக் காயவையுங்கள். உப்புப் படலம் இரண்டு காலுக்கும் நடுவே தங்கினால் காற்றின் ஈரத்துக்கே அலாரம் அடிக்கும். துணியில் கொஞ்சம் வினிகர் தொட்டுத் துடைத்து, பிறகு வெறும் ஈரத் துணியால் துடையுங்கள்.

---

வேளச்சேரி_கடைசிமாடி:

கிளைகளைத் தேடிப் பார்த்தேன், 3 இருக்கின்றன. ஒன்று கேட் வால்வு, மாற்றச் சொல்லிவிட்டேன். கிச்சன் கிளைக்கு மட்டும் மோட்டார் வால்வு போட்டால் போதுமா? சுவருக்குள் புதைந்த பைப் மெதுவாகக் கசிந்தால் தரை சென்சாருக்குத் தெரியாதே, அதற்காகத்தான் ஃபுளோ மீட்டர் கேட்டேன். இஎஸ்பி32 போர்டும் (நிரல் எழுதி ஓட்டும் சிறு கணினிச் சில்லு) ஒய்எஃப்-எஸ்201 சென்சாரும் (தண்ணீர் ஓட்டத்தில் சுற்றும் சிறு சக்கரம்) கைவசம் இருக்கின்றன.

---

தாம்பரம்_இஎஸ்பி:

ஒய்எஃப்-எஸ்201 இந்த வேலைக்கு ஆகாது. காரணத்தைக் கணக்கில் காட்டுகிறேன். அதன் அளவு நிமிடத்துக்கு 1 முதல் 30 லிட்டர். அதாவது நிமிடத்துக்கு 1 லிட்டருக்குக் கீழே போனால் உள்ளிருக்கும் சக்கரம் நம்பும்படி சுற்றாது. நிமிடத்துக்கு 1 லிட்டர் என்பது நாளுக்கு 1,440 லிட்டர். தொட்டியே காலியாகும் கசிவைக்கூட அது பார்க்காமல் இருக்கலாம். மறுபக்கம், நொடிக்கு ஒரு சொட்டு விழுந்தால் நாளுக்கு 86,400 சொட்டு. 20 சொட்டுக்கு 1 மில்லி என்றால் 4.3 லிட்டர். மரத் தரையை உப்ப வைக்க அது தாராளம், ஒய்எஃப்-எஸ்201க்கு அது பூஜ்யம். பைப் வெடித்தது, குழாயை மூட மறந்தது, இந்த இரண்டையும் மட்டும் அது சொல்லும். உப்புத் தண்ணீரில் சக்கரம் இறுகுவது வேறு.

அந்த இரண்டுக்காக மட்டும் போடுவதானால்: லிட்டருக்கு 450 பல்ஸ், சப்ளை 5 வோல்ட். சிக்னல் வயரும் 5 வோல்ட் தரும், இஎஸ்பி32 பின் 3.3 வோல்ட்தான் தாங்கும். எனவே சிக்னலுக்கும் பின்னுக்கும் நடுவே 10 கிலோ ஓம், பின்னிலிருந்து கிரவுண்டுக்கு 20 கிலோ ஓம். சென்சாருக்கு முன்னால் ஒய் வடிகட்டி அவசியம், அதில் வலையை மாதம் ஒருமுறை கழுவ வேண்டும். கழுவாவிட்டால் 0.35 பாரில் ஷவரே வராது. வாளியில் 10 லிட்டர் அளந்து பிடித்து பல்ஸை எண்ணி நீங்களே அளவு திருத்துங்கள், பெட்டியில் போட்ட எண்ணை நம்ப வேண்டாம். விதி எளிது: யாரும் வீட்டில் இல்லை என்று குறித்திருக்கும்போது 2 நிமிடம் தொடர்ந்து ஓட்டம் இருந்தால் மூடு. ஆள் இருக்கும்போது 25 நிமிடம் தொடர்ந்தால் போனுக்குச் செய்தி மட்டும், மூடாதே. யாராவது தலைக்கு ஷாம்பு போட்டிருப்பார்கள்.

மெதுவான கசிவுக்கு, பல்ஸ் வெளியீடு உள்ள நல்ல தண்ணீர் மீட்டரை கிளைக்கு ஒன்று போட வேண்டும். செலவு ஏறும். அதற்கு முன் காசில்லாத சோதனை ஒன்று: ஃபிளஷ் டேங்க்கில் கொஞ்சம் கேசரி கலர் கரைத்து, ஃபிளஷ் செய்யாமல் அரை மணி நேரம் விடுங்கள். கோப்பையில் நிறம் இறங்கினால் அடி வாஷர் கசிகிறது. இரண்டு டாய்லெட்டிலும் செய்யுங்கள். சத்தமில்லாமல் இரவெல்லாம் ஓடுவது பெரும்பாலும் அதுதான்.

மோட்டார் வால்வு பற்றி. கிச்சன் கிளைதான் முதலில் என்பது சரியான தேர்வு. ஆர்ஓவின் கால் அங்குல டியூப், வாஷிங் மெஷின் ஹோஸ், சிங்க் கனெக்‌ஷன் பைப், மூன்றும் அந்தக் கிளையில் இருக்கின்றன. மூன்றும் எப்போதும் அழுத்தத்தில் நிற்பவை. வாங்கும்போது 12 வோல்ட் டிசி, 5 வயர் உள்ளதைக் கேளுங்கள். சில வயர்கள் மோட்டாருக்கு, மிச்சம் உள்ளவை "திறந்தேன், மூடினேன்" என்று திருப்பிச் சொல்ல. அந்தத் தகவல் இல்லாவிட்டால் ரிலே அடித்ததும் ஆப் "மூடியது" என்று காட்டும், உள்ளே காறையில் மாட்டிப் பாதியில் நிற்கும் வால்வு உங்களுக்குத் தெரியாது. நிரலில் 20 நொடிக்குள் மூடிய சிக்னல் வராவிட்டால் தனி எச்சரிக்கை வையுங்கள். 15 நாளுக்கு ஒருமுறை தானாக மூடித் திறக்க வையுங்கள், உப்பு அச்சில் இறுகாமல் இருக்கும்.

பைப்பை அறுக்க மனமில்லை என்றால், இருக்கும் பால் வால்வின் கைப்பிடியையே திருப்பும் கருவிகள் உண்டு. அதை மாட்டினால் வால்வுக்கு இரு பக்கமும் பைப்பைச் சுவரோடு கிளாம்ப் செய்யுங்கள். மோட்டார் திருப்பும் விசையில் சிபிவிசி பைப் முறுக்கி, ஒட்டிய இடத்தில் விரிசல் விடும். கசிவைத் தடுக்க வைத்த கருவியே கசிவை உண்டாக்கும்.

ரிலே போர்டில் கரன்ட் திரும்ப வந்ததும் என்ன நிலை என்பதைக் கட்டாயம் பாருங்கள். "கரன்ட் வந்தால் ஆன்" என்று இருந்தால், நீங்கள் ஊரில் இல்லாதபோது மூடிய வால்வு திறந்துகொள்ளும். முன்பிருந்த நிலையிலேயே இருக்கும்படி மாற்றுங்கள்.

ஹோம் அசிஸ்டன்ட் (ஸ்மார்ட் கருவிகளை வீட்டிலிருந்தே இயக்கும் மென்பொருள்) வைத்திருந்தால் மூடும் விதியை வீட்டுக்குள்ளேயே ஓட விடுங்கள், கிளவுடை நம்பி வைக்காதீர்கள். டிசம்பர் 2016 வர்தா, டிசம்பர் 2023 மிக்ஜாம் மாதிரி புயல் வந்தால் கரன்டும் ஃபைபரும் சேர்ந்தே போகும். ரௌட்டர் மட்டுமல்ல, ஃபைபர் பெட்டி தனியாக இருந்தால் அதுவும் இன்வெர்டரில் இருக்க வேண்டும். சென்சார் அமைதியாக இருப்பதும் செய்திதான்: 24 மணி நேரமாக எந்தச் சத்தமும் இல்லாத சென்சாருக்கு ஓர் எச்சரிக்கை.

---

அடையாறு_சிவில்:

ஒன்றைச் சேர்க்கிறேன். பாத்ரூம் தளம் பள்ளமாக இறக்கி, செங்கல் ஜல்லி நிரப்பி, மேலே டைல்ஸ் ஒட்டியிருக்கும். டைல்ஸ் இடுக்கில் இறங்கும் தண்ணீர் அந்தப் பள்ளத்தில் தேங்கி, கீழ் வீட்டுச் சீலிங்கில் ஓதமாகத் தெரியும். இதை எந்தத் தரை சென்சாரும் பிடிக்காது, ஃபுளோ மீட்டரும் பிடிக்காது, ஏனென்றால் இது குளித்த தண்ணீர். பூட்டுவதற்கு ஒரு வாரம் முன்பு ஃபுளோர் டிராப்பைத் துணியும் பிளாஸ்டிக்கும் வைத்து அடைத்து, நிலைப்படியைத் தாண்டாமல் 2 செமீ ஆழத்துக்குத் தண்ணீர் நிறுத்தி, சுவரில் பென்சில் கோடு போட்டு 24 மணி நேரம் பாருங்கள். கொஞ்சம் ஆவியாகும், அதை அறிய அதே பாத்ரூமில் ஒரு தட்டில் தண்ணீர் வைத்து ஒப்பிடுங்கள். தட்டைவிடத் தரை தெளிவாக அதிகம் குறைந்தால் டைல்ஸ் இடுக்கை எபாக்ஸியால் அடைக்க வேண்டும். கீழ் வீட்டுக்காரரிடம் முன்பே சொல்லிவிட்டுச் செய்யுங்கள், அவர் சீலிங்கையும் பார்த்துச் சொல்வார்.

கீசரின் பாதுகாப்பு வால்விலிருந்து சூடேறும்போது சில சொட்டு விழுவது இயல்பு, சூடான தண்ணீர் விரிவதால். அணைத்த பிறகும் விழுந்தால்தான் பழுது. அந்தச் சொட்டை ஒரு டியூப் வைத்து வடிகாலுக்கு விட்டுவிடுங்கள், சென்சார் டிரேயில் விழ வேண்டாம்.

மொட்டைமாடி மழைநீர் வாய்களுக்கு வலை மூடி இருக்கிறதா என்று அசோசியேஷனில் கேளுங்கள். சாவியை யாரிடம் கொடுப்பது என்பதையும் இப்போதே முடிவு செய்யுங்கள். அலாரம் வந்து கதவைத் திறக்க ஆளில்லாவிட்டால் போனில் வரும் செய்தியால் பயனில்லை. வால்வு எண்கள் எழுதிய பேப்பரின் நகல் அவரிடமும் இருக்கட்டும்.

---

வேளச்சேரி_கடைசிமாடி:

எல்லாருக்கும் நன்றி. கடைசியாக ஒன்று: ஆர்ஓவை 40 நாள் என்ன செய்வது? திரும்பி வந்ததும் எந்த வரிசையில் திறப்பது?

---

குழாய்க்_கணக்கு:

ஆர்ஓவுக்குத் தண்ணி போகிற சின்ன வால்வை (ஆங்கிள் காக்) மூடி, பிளக்கைப் பிடுங்கி, டேங்க்கைக் காலி பண்ணிட்டுப் போங்க. கால் அங்குல டியூபுக்கு, நனைஞ்சா உள்ளே இருக்கிற அட்டை ஊதி டியூபை மூடுற சின்ன லீக் ஸ்டாப்பர் கிடைக்கும். பேட்டரியும் வேண்டாம், இன்டர்நெட்டும் வேண்டாம். அதை டிரேயில் உட்கார வைங்க. ஒருமுறை மூடினா உள் அட்டையை மாத்தணும். ஃபுளோர் டிராப்களில் தண்ணி ஊற்றி மேலே ரெண்டு ஸ்பூன் சமையல் எண்ணெய் விடுங்க. டிராப் தண்ணி சீக்கிரம் ஆவியாகாது, நாத்தமும் கரப்பானும் வராது.

வந்ததும் ஒரே நேரத்துல எல்லாத்தையும் திறக்காதீங்க. முதல்ல ஒரு கிளை. அதுல ஒரு குழாயைத் திறந்து வைச்சுட்டு, வால்வைக் கால்வாசி மட்டும் திறங்க. காத்து துப்பித் துப்பி வெளியே போகும், நின்னப்புறம் முழுசா திறங்க. குழாய் முனை வலையை முன்னாடியே கழட்டி வைங்க, பைப்பில் உதிர்ந்த காறை அதுலதான் வந்து அடைக்கும். குழாயை மூடிட்டு 10 நிமிஷம் டிரேயையும் கனெக்‌ஷன் பைப் நட்டையும் டிஷ்யூ பேப்பரால ஒத்திப் பாருங்க, ஈரம் இல்லைன்னா அடுத்த கிளை. ஆர்ஓ தண்ணியில் முதல் ரெண்டு டேங்க்கைக் கொட்டிடுங்க. கீசர் கடைசி. சுடுதண்ணிக் குழாயில் காத்தில்லாம சீரா தண்ணி வந்து டேங்க் நிரம்பிச்சுன்னு உறுதியான பிறகுதான் எம்சிபியைப் போடணும்.